காற்றை நீக்கிக் காக்கும் உணவு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

உணவைத் தேடுவது எவ்வளவு பழைய தொழிலோ, தேடிய உணவைக் கெடாமல் வைத்துக்கொள்வதும் அவ்வளவு பழைய தொழிலே. நம் முன்னோர் மீனைக் கருவாடாக்கினார்கள். ஆட்டிறைச்சியை உப்புக்கண்டம் போட்டார்கள். கத்தரிக்காயையும் மிளகாயையும் வற்றலாக்கினார்கள். இவை அனைத்திலும் உணவிலுள்ள நீரை விரட்டுவதே நோக்கம். ஊறுகாய் ஜாடியில் மட்டும் இன்னொரு தந்திரம் உண்டு. காய்க்கு மேலே இரண்டு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கவேண்டும் என்பார்கள். அந்த எண்ணெய் ருசிக்காக மட்டும் ஊற்றப்படுவதன்று. காற்று உள்ளே புகாதபடி அஃது ஒரு மூடியாகவும் நிற்கிறது. இன்று கடைகளில் 'வாக்குவம் சீலர்' என்ற பெயரில் விற்கப்படும் வீட்டுக் கருவி செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். தமிழில் இதனை வெற்றிட அடைப்பி எனலாம். இஃது எவ்வாறு இயங்குகிறது, இதில் எதை அடைக்கலாம், எதை அடைக்கலாகாது, குழம்பு, ரசம் போன்ற நீர்ப்பொருள்களை என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

முதலில் கருவியின் இயற்பியலைப் பார்ப்போம். கருவி உறிஞ்சுவதால் பை சுருங்குகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பையைச் சுருக்குவது வெளியே இருக்கும் காற்று. 1643ஆம் ஆண்டில் டாரிசெல்லி, வளிமண்டலத்தின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் உயரப் பாதரசத் தம்பத்தைத் தாங்கி நிற்கும் என்று காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் ஆட்டோ வான் கெரிக்கே என்பவர் காற்றை வெளியேற்றும் பம்பைச் செய்து, இரண்டு அரைக்கோளங்களை ஒட்டவைத்துக் காற்றை நீக்கி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்ததைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். அந்தக் குதிரைகள் போராடியது நம் தலைமேல் எப்போதும் இருக்கும் இதே காற்றோடுதான். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் அது ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது.

வீட்டுக் கருவிகள் முழு வெற்றிடத்தை உண்டாக்குவதில்லை. அவற்றின் அட்டைப் பெட்டியில் '60 கிலோ பாஸ்கல்' என்றோ '80 கிலோ பாஸ்கல்' என்றோ அச்சிட்டிருப்பார்கள். வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோ பாஸ்கல். எனவே 60 என்று போட்டிருந்தால், அழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கு குறைகிறது என்று பொருள். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 20 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பையின் ஒரு பக்கப் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் விழும் விசை சுமார் 300 கிலோ எடைக்குச் சமம். அதாவது 75 கிலோ நெல் மூட்டைகள் நான்கை அந்தச் சிறு பையின்மேல் அடுக்கியதற்கு ஒப்பாகும். அரிசியும் பருப்பும் இதைத் தாங்கும். தீபாவளி முறுக்கு தாங்காது. முறுக்கைப் பையிலிட்டுப் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது முறுக்குப் பொடியே. முறுக்கு, அதிரசம், சீடை போன்றவற்றுக்கு விறைப்பான ஜாடியே ஏற்றது. கருவியிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக ஜாடியிலுள்ள காற்றை மட்டும் இழுத்துவிடலாம். அழுத்தத்தைக் கண்ணாடிச் சுவர் தாங்கிக்கொள்ளும்.

பையும் சாதாரணப் பை அன்று. அது குறைந்தது இரண்டு அடுக்குகளால் ஆனது. வெளி அடுக்கு நைலான். உள் அடுக்கு பாலிதீன். பாலிதீன் வழியாகப் பிராணவாயு மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே வந்துவிடும். நைலான் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் நைலானை எளிதில் உருக்கி ஒட்ட முடியாது. பாலிதீன் சுமார் 110 டிகிரி சென்டிகிரேடில் உருகும். நைலானோ 200 டிகிரியைத் தாண்டிய பிறகே உருகும். கருவிக்குள் இருக்கும் மெல்லிய நிக்ரோம் பட்டை சில நொடிகள் சூடேறும்போது உள் அடுக்கு உருகி ஒட்டிக்கொள்கிறது. வெளி அடுக்கு கட்டுக்குலையாமல் நிற்கிறது. உருகுநிலை வேறுபாட்டை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தியவர் யாரோ, அவரை வியக்காமல் இருக்க முடியவில்லை. பையின் உட்புறத்தில் வரிவரியாக மேடுபள்ளங்கள் இருப்பதைத் தடவிப் பார்த்தால் அறியலாம். வழுவழுப்பான பையாக இருந்தால் வாய்ப்பகுதி முதலில் ஒட்டிக்கொண்டு, அடியிலுள்ள காற்று வெளிவர வழியில்லாமல் நின்றுவிடும். ஆகவே இந்த வகைக் கருவிக்கு மளிகைக் கடைப் பாலிதீன் பை உதவாது.

இனி நீர்ப்பொருள்களுக்கு வருவோம். வீட்டில் இக்கருவியை வாங்குவோர் முதலில் அவதிப்படுவது இதில்தான். கருவி பையின் வாயில் உறிஞ்சுகிறது. காற்று போனபின் அடுத்து வருவது குழம்பு. அது வாய்வரை ஏறி, ஒட்டவேண்டிய இடத்தை நனைத்துவிடுகிறது. நனைந்த இடத்தில் பட்டையின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. பாலிதீன் சரியாக உருகுவதில்லை. மேலும் குழம்பு பம்புக்குள் போய்விட்டால் கருவியின் கதை அத்துடன் முடிந்தது. பெரிய உணவகங்களில் உள்ள அறை வகைக் கருவியில் இத்தொல்லை இல்லை. அதில் பை முழுவதும் ஒரு மூடிய அறைக்குள் இருக்கும். பைக்கு உள்ளும் வெளியிலும் அழுத்தம் ஒன்றாகவே குறைவதால், நீர்ப்பொருளை மேலே தள்ளும் விசை ஏதுமில்லை. ஆனால் அதன் விலை நமக்கு எட்டாதது.

வீட்டுக் கருவியை வைத்துக்கொண்டு செய்யக்கூடியவற்றில் மிகச் சிறந்தது, உறையவைத்து அடைப்பது. ஆறிய ரசத்தையோ தேங்காய்ப் பாலையோ எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைக்கவேண்டும். நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருமன் கூடும். ஆதலால் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பலாகாது. கட்டியானதும் கிண்ணத்தின் அடியைக் குழாய் நீரில் ஒரு நிமிடம் காட்டினால் கட்டி நழுவி வரும். அதைப் பையிலிட்டு அடைத்து மீண்டும் உறைபகுதியில் வைத்துவிடலாம். அதற்கு அவகாசம் இல்லையெனில் பையின் வாயை மேசை விளிம்பிலுள்ள கருவியில் வைத்து, பையைக் கீழே தொங்கவிட வேண்டும். வாயிலிருந்து ஒரு சாண் அளவாவது வெற்றிடம் விட்டு, நீர் ஏறுவதைக் கண்கொட்டாமல் பார்த்திருந்து, பாதி வழி வரும்போதே 'ஒட்டு' என்ற பொத்தானை அழுத்திவிட வேண்டும். சிறிது காற்று தங்கும், பரவாயில்லை.

சூடாக அடைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே நம் ஆய்வகத்துச் சோதனை ஒன்றை நினைவுகூரலாம். வட்டக் குடுவையில் நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து எடுத்து, தக்கையால் மூடிக் கவிழ்த்து, மேலே குளிர்ந்த நீரை ஊற்றுவோம். கொதிப்பு அடங்கிய நீர் மறுபடியும் கொதிக்கத் தொடங்கும். உள்ளே அழுத்தம் குறைந்ததே காரணம். வெற்றிட அடைப்பியிலும் இதுவே நிகழும். அழுத்தம் 60 கிலோ பாஸ்கல் குறைந்து 40 மிஞ்சினால், நீரின் கொதிநிலை சுமார் 76 டிகிரியாக இறங்கிவிடும். 20 மட்டும் மிஞ்சினால் 60 டிகிரிக்கே கொதிக்கும். சூடான சாம்பாரை ஜாடியில் ஊற்றிக் காற்றை இழுத்தால், அது பொங்கிக் குழாய்க்குள் பாய்வதைக் காணலாம். எங்கள் வீட்டில் வெந்நீரை ஊற்றி அண்ணனுக்கு இதைச் செய்து காட்டினேன். அடுப்பே இல்லாமல் நீர் குமிழியிட்டுக் கொதிப்பதை அவர் மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். ஆறிய பண்டத்தையே அடைக்கவேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

கருவியே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. வாயை அழுத்தி மூடும் தடித்த பையில் பொருளைப் போட்டு, ஒரு மூலையை மட்டும் திறந்துவிட்டு, வாளித் தண்ணீரில் மெல்ல இறக்கவேண்டும். நீரின் அழுத்தம் பையை எல்லாப் பக்கமும் நெருக்க, காற்று திறந்த மூலைவழியே வெளியேறும். நீர்மட்டம் வாயருகில் வரும்போது மூலையை மூடிவிடலாம். 20 சென்டிமீட்டர் ஆழ நீரின் அழுத்தம் 2 கிலோ பாஸ்கல்தான். பை மெலிந்தது என்பதால் அதுவே போதும். வேண்டியது வெற்றிடமன்று, காற்று இல்லாமையே என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. குழம்புக்கு இம்முறை கருவியை விடவும் நன்றாகப் பயன்படுகிறது.

காற்றை நீக்குவதால் என்ன பயன்? எண்ணெய்ப் பண்டங்கள் சிக்கு வாடை அடிப்பதற்குக் காரணம் அவற்றின் கொழுப்பு பிராணவாயுவுடன் சேர்வதே. முந்திரி, நிலக்கடலை, எள்ளுருண்டை, பருப்புப் பொடி ஆகியவை காற்றில்லாப் பையில் நெடுநாள் மணம் மாறாமல் இருக்கும். பூசணம் வளரவும் பிராணவாயு வேண்டும். அரிசியிலும் துவரம்பருப்பிலும் வரும் வண்டும் மூச்சு விடும் உயிரே, அதுவும் பிழைப்பதில்லை. எங்கள் அப்பத்தா துவரைக்குச் செம்மண் கட்டுவதும், பயற்றில் விளக்கெண்ணெய் தடவுவதும், குதிரில் வேப்பிலை போடுவதுமாக இவ்வண்டுகளோடு ஆயுள் முழுவதும் போராடியவர். காற்றை எடுத்தால் வண்டு செத்துவிடும் என்று சொன்னபோது, "மொதல்லயே இதைக் கண்டுபிடிச்சுத் தொலைச்சிருக்கலாமே" என்றார்.

ஆனால் எல்லா நுண்ணுயிர்களும் வண்டைப் போன்றவை அல்ல. நான் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததே இதன் பொருட்டுத்தான்.

1810ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய்க்காரர், உணவைப் புட்டிகளில் அடைத்துப் பாதுகாக்கும் முறையைக் கண்டதற்காக அரசிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். புட்டியைத் தக்கையால் இறுக மூடிக் கொதிநீரில் நெடுநேரம் வேகவைப்பது அவர் முறை. காற்று போனதால்தான் உணவு கெடவில்லை என்றே அக்காலத்தவர் பெரிதும் நம்பினர். அரை நூற்றாண்டு கழித்துப் பாஸ்டர் வந்து, கெடுப்பவை நுண்ணுயிர்கள், வெப்பம் அவற்றைக் கொன்றது என்று விளக்கினார். அப்பேரின் முறையில் இரண்டு பாதிகள் உண்டு: காற்றடைப்பு ஒன்று, வெப்பம் மற்றொன்று. நம் வீட்டுக் கருவி முதல் பாதியை மட்டுமே செய்கிறது. அது ஒரு கிருமியைக்கூடக் கொல்வதில்லை.

கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்றொரு பாக்டீரியா உண்டு. மண்ணில் வாழ்வது. அதற்குப் பிராணவாயுவே பகை. காற்றுள்ள இடத்தில் ஸ்போர் எனப்படும் கெட்டி உறையிட்ட வித்தாக உறங்கிக்கிடக்கும். கொதிநீரின் 100 டிகிரியில் இந்த வித்து சாவதில்லை. 121 டிகிரியில் சில நிமிடங்கள் வைத்தால்தான் சாகும். காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த, மிதமான வெப்பமுள்ள இடம் கிடைத்தால் அது விழித்து வளர்ந்து, அறியப்பட்ட நஞ்சுகளிலேயே மிகக் கொடிய ஒன்றைச் சுரக்கிறது. 1895இல் பெல்ஜியத்தின் ஒரு சிற்றூரில் இழவு வீட்டுக்கு வாசிக்கவந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றி இறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அதை ஆராய்ந்தே வான் எர்மெங்கம் என்னும் அறிஞர் இந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். கண் இரண்டாகத் தெரிதல், இமை தொங்குதல், விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழத்தல் ஆகியவை இந்நோயின் குறிகள்.

இதில் இன்னும் கொடியது ஒன்று உண்டு. வழக்கமாக உணவு கெட்டால் வாடை வரும், நுரைக்கும், பூசணம் பூக்கும். அந்த வாடை நமக்கு ஒரு காவல்காரன். அதை உண்டாக்கும் உயிர்களில் பெரும்பாலானவை காற்றை நாடுபவை. வெற்றிடப் பை அவற்றை அடக்கிவிடுகிறது. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனை உள்ளே வைத்துப் பூட்டியது போல் ஆகிறது. பாட்டுலினம் நஞ்சு கலந்த உணவு பார்வைக்கும் முகர்வுக்கும் நன்றாகவே இருக்கக்கூடும்.

எங்கள் வீட்டுக்கு இக்கருவி வந்தது, அண்ணன் குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது. (அந்நாட்டுச் சதுரக் கால் பிளக் நம் சுவரில் சேராமல் அதற்கொரு அடாப்டர் வாங்கியது தனிக்கதை.) எங்கள் அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, பூண்டுத் தொக்கு ஆகியவற்றைச் செய்து விற்கின்றனர். அண்ணனோடு வேலை செய்பவர்கள் பூண்டுத் தொக்கு 40 பாக்கெட் கேட்டிருந்தார்கள். புட்டியில் அடைத்தால் எடை கூடும், விமானத்தில் உடையும். பையில் அடைத்தால் பெட்டியில் தட்டையாக அடுக்கிவிடலாம். குழுவுக்கு ஒரே நாளில் அவ்வளவு பணம் அதுவரை வந்ததில்லை. கேட்டவர்கள் புளிப்பும் உப்பும் குறைவாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டைக் குளிரில் வைக்காமல் பயன்படுத்திய ஓர் உணவகத்தில் உண்ட 36 பேருக்கு இந்த நஞ்சு ஏறியது. தொக்கை அடுப்பில் வதக்குகிறோமே என்றால், பூண்டுக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் உள்வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. இதை அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன்டி, காலங்காலமா ஊறுகா போடுறோம். எந்த ஊர்ல யாரு செத்தா?" என்றார்.

நியாயமான கேள்வி. ஊறுகாயில் எண்ணெய்க்கு அடியிலும் காற்றில்லைதான். அங்கே உப்பும் புளிப்பும் காவல் இருக்கின்றன. பி.எச். எண் 4.6க்குக் கீழே இருந்தால் பாட்டுலினம் வளராது. உப்பு மிகுந்தாலும் வளராது. எலுமிச்சை ஊறுகாய் இந்த எல்லைக்கு மிகவும் கீழே நிற்கும். அப்பத்தா போடும் ஊறுகாயை நாக்கில் வைத்தால் கண் மூடிக்கொள்ளும். அந்தப் புளிப்பையும் உப்பையும் குறைத்துவிட்டு, காற்றையும் எடுத்துவிட்டு, 40 டிகிரி வெயிலில் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது அப்பத்தாவின் ஊறுகாய் ஆகாது. அது வேறு பண்டம். கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பி.எச். தாளில் தொக்கைக் கரைத்துத் தொட்டுப் பார்த்தேன். நிறம் 4க்கும் 5க்கும் இடையே நின்றது. தொக்கின் எண்ணெயும் மிளகாய்ச் சிவப்பும் வேறு தாளைக் கறைப்படுத்தின. எந்த இடைவெளியில் நமக்குத் துல்லியம் வேண்டுமோ, சரியாக அதே இடைவெளியில் தாள் கைவிட்டது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை சரியில்லை. குழுவிலுள்ள அத்தை ஒருவர், "படிக்க வச்சா இப்படித்தான், எதைத் தொட்டாலும் விஷம்கும்" என்று என் காதுபடவே சொன்னார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பலருக்கும் இச்சொல் பழக்கமாயிருக்கும். கடைசியில் அண்ணன்தான், "சாப்புடப்போறது என் ரூம்ல இருக்கிறவங்க. வேணாம்மா, பொடியா குடுங்க" என்றார். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் 40 பாக்கெட் போயின. தொக்குக்குக் கிடைத்திருக்க வேண்டிய தொகையில் பாதிதான் வந்தது.

பொடியில் அச்சம் இல்லாததற்குக் காரணம் ஈரமின்மை. நன்கு வறுத்து அரைத்த பொடியில் எந்தப் பாக்டீரியாவும் வளர நீர் கிடையாது. ஆகவே உலர்ந்தவற்றை அடைத்துச் சாதாரண அலமாரியில் வைக்கலாம். ஈரமானவற்றைக் குளிரில்தான் வைக்கவேண்டும். அதிலும் இப்பாக்டீரியாவின் ஒரு வகை 3 டிகிரியிலேயே மெல்ல வளரத் தொடங்குகிறது. லிஸ்டீரியா என்னும் வேறொன்றும் குளிர்சாதனப் பெட்டியில் வளர வல்லது. எனவே 'வாக்குவம் செய்தது, மாதக்கணக்கில் இருக்கும்' என்று சமைத்த குழம்பைக் கீழ்த்தட்டில் வைத்திருப்பது தவறு. பிரிட்டனில் உணவு வணிகர்களுக்குப் பல்லாண்டுகள் சொல்லப்பட்டு வந்த அறிவுரையில், வேறு காப்பு ஏதுமின்றி 3 முதல் 8 டிகிரியில் வைக்கும் வெற்றிடப் பண்டங்களுக்கு 10 நாளே எல்லை. அடிக்கடி மின்சாரம் போகும் நம் ஊர்களில் மூன்று நான்கு நாட்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குமேல் வேண்டுமானால் உறைபகுதி. மீனை அடைத்து உறையவைத்திருந்தால், பனி இளகவைக்கும் முன் பையைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். பச்சைப் பூண்டையும் காளானையும் அடைக்கவே கூடாது. முட்டைக்கோசும் காலிபிளவரும் அடைத்த பிறகும் வாயுவை வெளியிட்டுப் பையை உப்பவைக்கும். அவற்றை வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்து, ஆறவைத்து, உறையவைப்பதற்காக மட்டும் அடைக்கலாம். புதிதாக வறுத்த காப்பிக்கொட்டைப் பையும் உப்பும். அது கெட்டதன்று, கொட்டை விடும் கரியமிலவாயுவே. சமைத்த பண்டத்தின் பை உப்பினால் பிரித்து முகர்ந்து பார்க்கவும் வேண்டாம், எறிந்துவிட வேண்டும்.

பொடி அடைப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பையின் வாயில் பொடி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் ஒட்டு விடும். வாயை வெளிப்பக்கம் மடித்துக்கொண்டு பொடியைப் போட்டு, பிறகு நிமிர்த்தி உலர்ந்த துணியால் துடைத்து அடைத்தால் விடாது. அம்மாவின் குழுவினர் இதைத் தாமே கண்டுபிடித்தனர். தொக்கைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்த்து மூன்று விதமாகச் செய்து தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். செய்முறைத் தேர்வுகள் முடிந்ததும் வேதியியல் துறையின் பி.எச். மீட்டரில் அளந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.